பன்றி மேய்ப்பவரின் பேரன் எழுத வரும்போது

காட்டுக்குள் சென்றுவிட்ட சினைப் பன்றியைத் தேடி இரவெல்லாம் அலையும் முதியவரின் கதை ‘அவன் காட்டை வென்றான்’. சித்தூர் மாவட்டத்தில் பிறந்த கேசவ ரெட்டி தெலுங்கில் எழுதிய இந்நாவல், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழுக்கும் வந்தது. கேசவ ரெட்டிக்கு மருத்துவத் தொழில் சோறு போட்டது. அந்த முதியவரின் பேரன் எழுத வந்தால், அவனுடைய மூலதனம் என்ன? வாழ்ந்த வாழ்வும், சித்தூர் மண்ணின் பேச்சும்தான்.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் கைவைப்பது இந்த மூலதனத்தில்தான். திருட்டு இணைய நூலகங்களிலிருந்து நூல்களை எடுத்த வழக்கில், ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025இல் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நூலொன்றுக்குச் சுமார் 3,000 டாலர். ஆனால், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான நூல்களுக்கு மட்டுமே! இந்தியச் சட்டத்தில் பதிவு கட்டாயமே இல்லை. திருப்பதியில் சிறு பதிப்பகம் வழியே நூல் வெளியிடும் தலித் எழுத்தாளருக்கு அங்கே என்ன கிடைக்கும்?

அடுத்தது வாசல் அடைபடுவது. இயந்திரம் எழுதிய கதைகள் குவிந்ததால், 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘கிளார்க்ஸ்வேர்ல்டு’ இதழ் படைப்புகள் பெறுவதையே நிறுத்திவைத்தது. குவியலைப் படிக்க இயலாத ஆசிரியர், தெரிந்த பெயர்களையே நாடுவார். தெரிந்த பெயர் என்பதில் சாதியும் வர்க்கமும் ஒளிந்திருக்கும் நாட்டில், முதல் கதை எழுதுபவரே வெளியே நிற்பார்.

சித்தூர் கிராமத்துப் பேச்சை இலக்கியமாக்கியவர் நாமினி. இயந்திரமோ மிகுதியாகக் கிடைக்கும் பொதுமொழியின் பக்கமே சாய்கிறது. பேச்சு மழுங்கினால் அதைப் பேசியவர்களின் அனுபவமும் மழுங்கும்.

இயந்திரம் வேறு, அதை மூலதனம் பயன்படுத்தும் முறை வேறு என்று மார்க்ஸ் பிரித்துக் காட்டினார். நமது எதிர்ப்பு இரண்டாவதன் மீதே. ஒன்றிய அரசு அமைத்த குழு 2025 டிசம்பரில், நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமமும் படைப்பாளிகளுக்கு உரிமத்தொகையும் முன்மொழிந்தது. தொகை வரவேற்கத்தக்கது; மறுக்கும் உரிமையைப் பறிப்பது ஏற்கத்தக்கதல்ல. எந்தச் சங்கத்திலும் இல்லாத எழுத்தாளருக்கு அத்தொகை எவ்வழியே சேரும் என்பதும் தெளிவாக்கப்பட வேண்டும்.

சட்டப் போராட்டத்தோடு நம் கடமை முடிவதில்லை. முற்போக்கு இதழ்கள் புதிய எழுத்தாளர்களை ஊர் ஊராகத் தேடிச் செல்ல வேண்டும். அந்தப் பேரனின் கதையை அவனே எழுத வேண்டும். அவன் பெயரிலேயே அது அச்சேற வேண்டும்.