சீருடை போட்ட சிவிலியன்

அமெரிக்க நேஷனல் கார்டு என்றால் துப்பாக்கியும் வெள்ள நிவாரணமும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் படையின் ரேடியோ மக்கர் பண்ணினால்? சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டருமாகப் பட்டறையில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவரை யார் நினைக்கிறார்கள்?

அவருக்கு 'இரட்டை நிலை டெக்னீஷியன்' என்று பெயர். 1968-ல் வந்த சட்டப்படி வாரநாளில் அவர் சிவிலியன் ஊழியர். ஆனால் சீருடையில்தான் வேலைக்கு வரவேண்டும். மாதம் ஒரு வாரக்கடைசி, வருடத்தில் இரண்டு வாரம் படைப் பயிற்சி. அதற்குத் தனிச் சம்பளம்.

சரி, இதில் என்ன தப்பு? முழங்கால் கெட்டு, படைக்கு லாயக்கில்லை என்று அனுப்பினால் சிவிலியன் வேலையும் போச்சு! சர்க்யூட் போர்டை முழங்காலாலா ரிப்பேர் செய்கிறார்?

போருக்கு அழைப்பு வந்தால் உடனே கிளம்ப ஆள் வேண்டுமாம். நியாயம்தான். அப்படியானால் பென்ஷனிலும் அவர் சிப்பாய்தானே? இல்லையாம்! வேறு வேலையில் சேர்ந்த சோஷியல் செக்யூரிட்டி தொகையை, பழைய திட்டத்து டெக்னீஷியன் பென்ஷனைக் காட்டி வெட்டினார்கள். சீருடைப் பணி பென்ஷன் என்றால் அந்த வெட்டு கிடையாது. டெக்னீஷியன் வேலை அதில் சேராது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று தீர்ப்பளித்தது. அந்த வெட்டையே 2025 ஜனவரியில் புதுச் சட்டம் ஒழித்துவிட்டது. முழங்கால் விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலையை விட்டு அனுப்பும்போது சிப்பாய், காசு கொடுக்கும்போது சிவிலியன். ஒரே ஆளுக்கு இரண்டு பேரேடு எழுதினால், கடைத்தெருவில் அதற்குப் பெயர் கள்ளக்கணக்கு!