ஓசியில் ஒரு கோட் ரிவ்யூ

போன வாரம் ஆபீஸ்ல ஒரு கூத்து. நான் எழுதின கோடை ரெண்டு பேர் ரிவ்யூ பண்ணி ஓக்கே சொல்லிட்டாங்க. டெஸ்டிங்கும் தாண்டியாச்சு. லைவ் போன மறுநாள் ஒரு கஸ்டமர், நாலே வரியில தப்பைப் புட்டுப் புட்டு வச்சு மெயில் அனுப்பிட்டார். "இவருக்கு என்ன தெரியும்?"னு முதல்ல கோபம்தான் வந்தது. அரை மணி நேரம் நோண்டிப் பார்த்தா, மனுஷன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஹி ஹி.

இதே கதை ஆராய்ச்சி இதழ்களிலும் உண்டு மக்களே. அந்த இதழ்களை நடத்துற பதிப்பகங்களுக்கு வலைப்பதிவுகளால் பிரயோஜனம் உண்டா? உண்டுன்னுதான் சொல்வேன். பதிப்பகமே ஒரு பதிவு வச்சு "புதுக் கட்டுரை வந்திருக்கு, படிங்க"ன்னு சொல்றது வெறும் விளம்பரம். வெளியாள் வந்து குறை சொல்றாரே, அதுலதான் அவங்களுக்கு நிஜமான லாபம்.

2010 டிசம்பர் 2. சயின்ஸ் இதழ் இணையத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஒரு பாக்டீரியா, பாஸ்பரசுக்குப் பதிலா ஆர்சனிக்கை வச்சு டிஎன்ஏவைக் கட்டிக்குதாம். நாசா பத்திரிகையாளர்களைக் கூட்டி ஒரே அமர்க்களம். ரெண்டே நாள்ல, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ரோசி ரெட்ஃபீல்ட், தன் வலைப்பதிவில் கட்டுரையைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டார். டிஎன்ஏவைச் சரியாச் சுத்தம் பண்ணலை, ஆர்சனிக் சும்மா ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம். வளர்ப்புக் கரைசலில் ஏற்கெனவே கலந்திருந்த துளி பாஸ்பேட்டே பாக்டீரியா வளரப் போதும். இதுதான் அவர் சொன்னது.

நாசா தரப்போ, இதையெல்லாம் அறிவியல் இதழ்களில்தான் விவாதிக்கணும், பதிவர்களோடு இல்லைன்னு ஒதுங்கிடுச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? 2011ல் சயின்ஸ் 8 விமர்சனக் குறிப்புகளை வெளியிட்டது. ரெட்ஃபீல்ட் தன் ஆய்வகத்திலேயே செஞ்சு பார்த்து, நடந்ததை அப்பப்போ பதிவிலும் எழுதினார். அந்த டிஎன்ஏவின் கட்டமைப்பில் ஆர்சனிக் தென்படலைன்னு அவர் குழு 2012ல் காட்டின கட்டுரை வந்ததும் அதே சயின்ஸில்தான்! 2025 ஜூலையில் மூலக் கட்டுரையையே சயின்ஸ் திரும்பப் பெற்றது. மோசடி இல்லை, ஆனா முக்கிய முடிவைச் சோதனைகள் தாங்கலைன்னு விளக்கம். எழுதினவங்க கடைசி வரை ஒத்துக்கலை.

பதிவு வர 2 நாள். கட்டுரை போக 14 வருஷத்துக்கு மேல.

"பதிவுல யார் வேணா என்ன வேணா எழுதலாமே"ன்னு கேப்பீங்க. வாஸ்தவம். மொக்கையும் வரும், ஆளைத் திட்டறதும் வரும். கஸ்டமர் மெயிலும் அப்படித்தான். பத்துல எட்டு உருப்படாது. மீதி ரெண்டுக்காகத்தான் பத்தையும் படிக்கிறோம்.

அதனால, காரணத்தோட, பேரைப் போட்டு எழுதற விமர்சனத்துக்கு அந்தக் கட்டுரைப் பக்கத்திலேயே ஒரு சுட்டி கொடுக்கட்டும். அடுத்து வந்து படிக்கிற மாணவன் அதை நம்பி ரெண்டு வருஷ ஆராய்ச்சியைத் தொலைக்காம இருப்பான். பதிப்பகத்துக்கு நம்பிக்கைதானே முதல்? அதைக் காப்பாத்திக் கொடுக்கிறவர் காசுகூட கேக்கலை!

அந்தக் கஸ்டமருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டாச்சு. இந்தப் பதிவுல தப்பிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. திருத்த 14 வருஷம் எடுத்துக்க மாட்டேன் :-)