எங்கள் விபரம் யார் கையில்?



எமது பிரதேசத்தில் ஒரு குடும்பத் தலைவியின் கைப்பையைத் திறந்தால் அநேகமாக ஒரே பொருட்கள்தான் இருக்கும். அடையாள அட்டையின் நாலைந்து போட்டோப் பிரதிகள், கணவரின் மரணச் சான்றிதழ் அல்லது காணாமற்போனது பற்றிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். வாகரையிலிருந்து படுவான்கரை வரை எமது பெண்கள் தமது விபரங்களைச் சொல்லிச் சொல்லியே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்தபோது முகாமில் பதிவு. 2004 சுனாமிக்குப் பின் வீட்டுக்காகப் பதிவு. பிறகு மீள்குடியேற்றம், ஆணைக்குழு, நிவாரணம், நுண்கடன். ஒவ்வொரு முறையும் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் என்பன எழுதப்பட்டன. பல வேளைகளில் புகைப்படமும் எடுக்கப்பட்டது.

"இனி ஒளிக்க என்னகா இருக்கு, எல்லாருக்கிட்டயும் குடுத்தாச்சிதானே" என்று ஓர் அக்கா கூட்டமொன்றில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இம்மாதம் இதனை எழுதுகிறேன். கொடுத்துவிட்டதால் அந்த விபரம் எம்முடையது இல்லை என்று ஆகிவிடாது. எதற்காகக் கொடுத்தோமோ அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும்.

வேறு தேவைக்குப் பயன்பட்டால் என்ன நடக்கும் என்பதை எமது சமூகம் கணினி வருவதற்கு முன்பே கண்டிருக்கிறது. 1983 யூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பது பல அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. வாக்களிப்பதற்காக எழுதிக் கொடுத்த பெயரும் முகவரியும் வீடுகளை எரிப்பதற்கு வழிகாட்டின. கடதாசியில் இருந்த பட்டியலுக்கே அந்த நிலைமை. இன்று பட்டியல்கள் கணினியில் இருக்கின்றன. ஒரு நொடியில் பிரதி எடுத்து உலகின் மறுபக்கத்துக்கு அனுப்பிவிடலாம்.

2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஒரு செய்தியை வெளியிட்டது. அதன் கணினிகளுக்குள் யாரோ ஊடுருவி, 5 இலட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களின் விபரங்களை எட்டிவிட்டார்கள். யுத்தத்தாலும் அனர்த்தத்தாலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், அவர்களைத் தேடும் உறவினர்கள், தடுத்து வைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் விபரங்களே அவை. உலகெங்குமுள்ள குறைந்தது 60 தேசிய செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் சேகரித்தவை. ஊடுருவியவர்கள் 2021 நவம்பர் 9 ஆந் திகதியே உள்ளே வந்துவிட்டனர். கண்டுபிடிக்கப்பட்டது 2022 ஜனவரி 18 இல். எழுபது நாட்கள் யாருக்கும் தெரியவில்லை.

காணாமற்போன மகனைத் தேடும் தாய் தன் மனதிலுள்ளதையெல்லாம் நம்பிக்கையோடு சொல்கிறாள். அந்த நம்பிக்கைக்குரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. அந்த நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. பகிரங்கமாகச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தொலைபேசி மூலமும் கடிதம் மூலமும், சில இடங்களில் ஊர்களுக்கு நேரில் சென்றும் அறிவிக்க முயன்றது. விபரத்தை வைத்திருப்பவருக்கு அப்படியொரு கடமை இருக்கிறது. எங்களிடம் விபரம் வாங்கும் எல்லாரிடமும் அதை நாம் எதிர்பார்க்கலாம்.

தமிழ்நாட்டிலும் 2021 இல் பொது விநியோகத் திட்டப் பயனாளிகளின், அதாவது ரேசன் அட்டைக்காரரின், சுமார் 50 இலட்சம் பதிவுகள் இணையத்தில் கசிந்திருந்ததாகக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது. அரிசி வாங்குவதற்காகக் கொடுத்த விபரங்கள் அவை. ஏழைகளின் விபரத்தை எடுத்து யாருக்கு என்ன இலாபம் என்று நினைக்கக் கூடாது. உதவி தேவைப்படுகிறவர்களை ஏமாற்றுவது இலகு என்று மோசடிக்காரருக்குத் தெரியும். "உங்கள் நிவாரணப் பணம் வந்திருக்கிறது" என்று பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

எமக்கு ஏற்படும் தீங்கு பணத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. கணவரின் அடி தாங்காமல் பிள்ளைகளுடன் வேறு கிராமத்துக்குச் சென்று குடியிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். உதவிக்காகத் தனது புதிய முகவரியை ஓர் அலுவலகத்தில் பதிந்தார். சில வாரங்களில் பயனாளிகளின் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. பெயருக்குப் பக்கத்தில் கிராமமும் இருந்தது. அதைப் பார்த்த உறவினர் ஒருவர் கணவருக்குச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அவர் படலையில் வந்து நின்றார். அயலவர்கள் கூடியதால் அன்று அந்தப் பெண் தப்பினார். இங்கே எந்தக் கணினியையும் யாரும் உடைக்கவில்லை. தகுதியுள்ளவர்களின் பட்டியலை வெளிப்படையாகப் போடுவது ஊழலைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மறைந்து வாழ வேண்டிய ஒருத்தியின் ஊரையும் சேர்த்துப் போட வேண்டுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்து, எமது அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு விடயம். அது வெறும் இலக்கம் அல்ல. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 70532 என்று தொடங்கினால், அவர் 1970 பெப்ரவரி 1 ஆந் திகதி பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கங்களில் வரும், மற்றது அதே முறைதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எமது பெண்களில் பலர் ஏ.ரி.எம். அட்டையின் இரகசிய இலக்கமாகப் பிறந்த ஆண்டையோ திகதியையோ வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அடையாள அட்டைப் பிரதி யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் பாதித் திறப்பு இருக்கிறது. இன்றே மாற்றிவிடுங்கள்.

நாம் செய்யக்கூடியவை பல உண்டு. அடையாள அட்டைப் பிரதியைக் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, யாருக்கு, எதற்கு, எந்தத் திகதியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பிரதியை வைத்து வேறொருவர் உங்கள் பெயரில் கடனோ சிம் அட்டையோ எடுப்பது கடினமாகும். போட்டோப் பிரதிக் கடையில் பழுதாகிப்போன தாளை விட்டுவிட்டு வராதீர்கள். வெறும் படிவத்தில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். தெரிந்த பிள்ளைதானே என்று உங்கள் அடையாள அட்டையில் மற்றவருக்குச் சிம் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த இலக்கத்தில் ஏதும் பிழை நடந்தால் விசாரணைக்கு முதலில் உங்களைத்தான் அழைப்பார்கள். தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை எந்த வங்கியும் கேட்காது. கேட்பவர் மோசடிக்காரர். குழுக்கடனுக்குப் பிரதி கொடுத்தவர்கள் தமது பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்பதைக் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைப் பெற்று அறியலாம். ஏமாற்றப்பட்டால் வங்கிக்கும் பொலிசுக்கும் உடனே அறிவியுங்கள். இணையம், தொலைபேசி வழி மோசடிகளை இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்பு நிலையத்துக்கு 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

விபரம் கேட்டு யார் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எதற்கு? யாரெல்லாம் பார்ப்பார்கள்? இதில் எதைக் கொடுக்காமல் விடலாம்? கேட்பதில் வெட்கமோ பயமோ வேண்டாம். கோழிக்குஞ்சு கொடுக்க வருபவருக்கு உங்கள் கணவர் எப்படிக் காணாமற்போனார் என்பது தேவையில்லை.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச அலுவலகங்களுக்கும் தனியாருக்கும் பொருந்தும். எம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று அறியவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் அது உரிமை தருகிறது. 2025 மார்ச்சில் ஆரம்பிக்கவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன, அதே ஆண்டில் திருத்தமும் கொண்டுவரப்பட்டது. சட்டம் மெதுவாக நடக்கட்டும். கேள்வி கேட்பதற்கு நாம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இதைச் சொல்லும்போது எங்கும் பதிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயத்தினால் பதியாமல் விட்டவர்கள் வீட்டையும் நட்டஈட்டையும் இழந்ததைக் கண்டிருக்கிறோம். காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான 2016 ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இரகசியமாகச் சொல்லப்படுவதைப் பாதுகாக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. அதைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு பேசுங்கள். கொடுப்பதன் பிரதியொன்றையும் திகதியுடன் வைத்திருங்கள். 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் முறை தாக்கப்பட்டபோது சில மாதங்களுக்குரிய மின்னஞ்சல்கள் மீட்க முடியாமலே போயின. வெள்ளத்திலும் இடப்பெயர்விலும் பத்திரங்களை இழந்த எமக்கு அதன் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக எமது சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எமது மாதர் சங்கக் கொப்பிகளிலும் யார் அடிபட்டு வந்தார், யார் கடனில் இருக்கிறார் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கொப்பி கூட்ட மேசையில் திறந்து கிடக்கக் கூடாது. "நான் அவவின் தம்பி, அவ எங்க இருக்கிறா?" என்று தொலைபேசியில் யாரும் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. கூட்டத்தில் எடுத்த படத்தைக் கேட்காமல் வட்ஸ்அப்பில் போடக் கூடாது. அரசாங்கத்திடமும் நிறுவனங்களிடமும் நாம் எதைக் கேட்கிறோமோ, அதை முதலில் எமது மேசையிலேயே செய்து காட்டுவோம். இம்மாதக் கூட்டத்தில் இதனை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொப்பி யாரிடம் இருக்க வேண்டும், அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்று அன்றே தீர்மானியுங்கள்.