பழைய விண்டோஸ் என்றைக்கு நல்லதானது?

எங்கள் தெருமுனை டிடிபி கடையில் ஒரு கம்ப்யூட்டர். மானிட்டரின் மேல் விளிம்பில் செல்லோடேப் போட்டு ஒட்டிய சீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கும்: ‘யாரும் அப்டேட் கொடுக்கக் கூடாது.’ உள்ளே விண்டோஸ் 7, அதில் பேஜ்மேக்கர், அதில் நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகை. கடைக்காரரைக் கேட்டால் பதில் தயார்: “புதுசு போட்டா ஸ்லோ ஆயிடும் சார். இது கல்லு மாதிரி நிக்குது.”

இதே வசனத்தை ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் என் மைத்துனன் வாயிலும் கேட்டிருக்கிறேன். பழையது உறுதி, புதியது மந்தம். இந்த நம்பிக்கையின் இரண்டு பாதியும் தப்பு என்பதுதான் என் கட்சி.

முதலில் அந்தக் ‘கல்லு’. விண்டோஸ் எக்ஸ்பியை இன்றும் கண் கலங்க நினைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. 2001 அக்டோபரில் அது வந்தபோது எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. விண்டோஸ் 98-இல் பழகியவர்கள் அதன் நீலமும் பச்சையும் பொம்மைக்கடை மாதிரி இருக்கிறது என்றார்கள். 128 எம்பி நினைவகம் கேட்கிறதே, அநியாயம் என்றார்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியது. நீங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பீர்கள். திடீரென ஒரு பெட்டி வந்து அறுபதிலிருந்து கீழே எண்ணும். பூஜ்யத்தில் மெஷின் தானாக அணைந்து மறுபடி தொடங்கும். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். எக்ஸ்பி நிமிர்ந்து நின்றது 2004 ஆகஸ்டில், சர்வீஸ் பேக் 2 வந்த பிறகு. அதாவது, ஒரு மாபெரும் அப்டேட்டுக்குப் பிறகு.

ஆப்பிள்காரர்களுக்கு எக்ஸ்பியின் இடத்தில் ஸ்னோ லெப்பர்டு. ‘புது வசதி எதுவும் இல்லை’ என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு 2009 ஆகஸ்டில் வந்த பதிப்பு. ‘அந்த மாதிரி இன்னொன்று வருமா’ என்று ஏங்குகிறார்கள். அந்தப் பதிப்பில் விருந்தினர் கணக்கில் நுழைந்துவிட்டு நம் கணக்குக்குத் திரும்பினால், சிலருக்கு மொத்தக் கோப்புகளும் காணாமல் போயிருந்தன. நவம்பரில் வந்த 10.6.2 அதைச் சரிசெய்தது. ஏங்குகிறவர்கள் நினைவில் வைத்திருப்பது 2011-இல் வந்த 10.6.8-ஐ. இரண்டு வருடம் அடித்துத் தட்டி நேராக்கிய பாத்திரத்தைக் காட்டி, ‘பார், வார்க்கும்போதே எவ்வளவு வழுவழுப்பு’ என்கிறார்கள்.

டிடிபி கடையின் விண்டோஸ் 7 மட்டும் என்ன? உள்ளெண்படி அது 6.1. எல்லோரும் காறித் துப்பிய விஸ்டா 6.0. விஸ்டாவைச் சபித்துக்கொண்டிருந்தவர்களிடம் 2008-இல் ‘மொஹாவி என்று அடுத்த விண்டோஸ் வருகிறது’ என்று சொல்லி, விஸ்டாவையே மைக்ரோசாஃப்ட் காட்டியது. பிரமாதம் என்றார்கள். விளம்பரத்துக்காகப் பிடித்த படம், அதனால் பாதி தள்ளியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மீதிப் பாதி போதும்.

இனி வேகம். என் பழைய லேப்டாப்பில் 7-இலிருந்து 10-க்கு மாறிய அன்று சாயங்காலம் நானும் மைத்துனன் சொன்னதே சரி என்று நினைத்தேன். ஃபேன் இரைந்தது. ஒரு ஃபோல்டரைத் திறக்க டீ ஆறியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘டிஸ்க் 100%’ என்று சிவந்து நின்றது. உள்ளே நடந்தது இதுதான்: புது இயங்குதளம் தேடலுக்காக எல்லாக் கோப்புகளையும் மறுபடி அட்டவணை போட்டது, டிரைவர்களை இறக்கியது, வைரஸ் சோதனையும் கூடவே ஓடியது. வீடு மாறிய அன்று சமையலறையில் எந்த டப்பா எங்கே என்று தேடுவோமே, அந்த மாதிரி. இரண்டு நாளில் அடங்கிவிட்டது. ஆனால் பெரும்பாலோர் தீர்ப்பு எழுதுவது முதல்நாள் சாயங்காலம்தான்.

பிறகு ஒருநாள் சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். அதே மெஷின், அதே விண்டோஸ் 10. வேறு பிறவி எடுத்ததுபோல் ஓடியது. இவ்வளவு நாள் நான் வைத வசவு எல்லாம் தப்பான முகவரிக்குப் போயிருக்கிறது. 7-க்கும் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்ச நினைவகம் ஒன்றேதான்: 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. சர்வீஸ்காரர் ‘ஃபார்மட் அடிச்சு செவன் போட்டேன், பறக்குது’ என்பாரே, பறக்கவைத்தது செவன் அல்ல, ஃபார்மட். ஆன் செய்தவுடன் எழுந்து உட்காரும் பத்துப் பதினைந்து புரோகிராம்கள் அதோடு ஒழிந்தன. 10-ஐயும் அப்படித் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். யார் பார்க்கிறார்கள்?

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பீர்கள். நெருப்பு உண்டு. தேய்ந்த பேட்டரியுள்ள ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அழித்தது. சில நாளிலேயே நிறுத்திவைத்து, நவம்பரில் மறுபடி விட்டார்கள். அதனால் முதல் பந்தியில் உட்காராதீர்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாதம் பொறுங்கள், பேக்கப் எடுங்கள். பேஜ்மேக்கரும் பழைய வானவில் எழுத்துருவும் புதியதில் தகராறு செய்யும், பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காது என்றாலும் அது நியாயமான காரணம். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப் இருந்தால் விண்டோஸ் 11 கிடையாது என்று கதவடைத்த மைக்ரோசாஃப்டைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ‘ஸ்லோ ஆயிடும்’ என்பது மட்டும் காரணமல்ல, சாக்கு.

நம் பேச்சில் ஒரு கோளாறு உண்டு. வருடத்துக்கொரு முறை வரும் புதுப் பதிப்பும் அப்டேட், மாதாமாதம் ஓட்டை அடைக்கும் சின்னத் திருத்தமும் அப்டேட். முந்தையதன்மேல் உள்ள பயத்தில் பிந்தையதையும் நிறுத்திவைக்கிறோம். 2017 மார்ச் 14-இல் மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு ஓட்டையை அடைத்தது. மே 12-இல் வானாக்ரை என்ற புழு அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்க நுழைந்தது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. மாட்டியவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7. இடையில் இரண்டு மாத அவகாசம் இருந்தது.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். “இதுக்கு நெட்டே கொடுக்கல சார், எப்படி வரும்?” என்று சிரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து பென்டிரைவை நீட்டினார். அது போன பிறகு இன்னொன்று. நானும் என்னுடையதைக் கொடுத்துத்தான் பிரிண்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால் எல்லா ஃபோல்டரின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. உள்ளே ஒன்றும் இல்லை, ஷார்ட்கட் மட்டும்.