யந்திர எதிரியும் நேர்மைப் பந்தயமும்

பந்தயத்தில் விருப்பமில்லாத சமூகம் உலகில் இல்லை. நம் பள்ளிகொண்டாவைச் சூழ்ந்த வேலூர், திருப்பத்தூர் மாவட்டத்து ஊர்களில் தைத் திங்கள் பிறந்துவிட்டால் எருது விடும் விழாவைப் பற்றிய பேச்சே எங்கும் நிறைந்திருக்கும். எருதுகளை ஒன்றன்பின் ஒன்றாக வீதியில் ஓடவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது எனக் கணக்கிட்டு, மிகக் குறைந்த நேரத்தில் ஓடிய எருதுக்கு முதற்பரிசு வழங்குவர். அங்கே எதிரியாக நிற்பது கடிகாரமே. செல்வர் வீட்டு எருது என்பதற்காக அது மெல்ல நகர்வதுமில்லை. எளியவன் எருது என்பதற்காக விரைந்து ஓடுவதுமில்லை.

இக்காலத்து இளைஞர் பலர் விரும்பி ஆடும் பந்தயமோ திரையில் நிகழ்வது. கணினியிலும் கைபேசியிலும் விளையாடும் மோட்டார்ப் பந்தயங்களில் நம்மோடு ஓடும் வண்டிகளுள் பல மனிதர் செலுத்துவன அல்ல, யந்திரமே செலுத்துவன. இவ்யந்திர எதிரிகள் நம்மோடு நேர்மையாகப் போட்டியிடுகின்றனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிடுதல் தகாது. நம் சிறுவர் வெற்றி தோல்விகளை முதன்முதல் கற்கும் இடங்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

யந்திர எதிரி ஓடும் முறை பெரும்பாலும் எளியது. பாதையின்மேல் கண்ணுக்குப் புலனாகாத கோடு ஒன்று முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். எவ்விடத்தில் விரைவது, எவ்வளைவில் வேகத்தைக் குறைப்பது என்னும் கணக்கும் அதனோடு சேர்ந்திருக்கும். அக்கோட்டைப் பற்றியே வண்டி ஓடும். இதுவரை குற்றமொன்றுமில்லை. ஆனால் பல விளையாட்டுக்களில் வேறொரு சூழ்ச்சியும் உண்டு. யந்திரம் நமக்கும் தன் வண்டிக்கும் இடையேயுள்ள தூரத்தை இடைவிடாது அளந்துகொண்டே இருக்கும். நாம் முந்தினால் பின்வரும் வண்டிக்கு இல்லாத வேகம் ஒன்று வந்து சேரும்; நாம் பிந்தினால் முன்னோடும் வண்டி தானே தளரும். இரு வண்டிகளையும் ரப்பர் நாடாவால் பிணைத்தாற்போல் இருத்தலின் இதற்கு ‘ரப்பர் பாண்டிங்’ என்று பெயர். 1992-ஆம் ஆண்டு ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனியார் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ கார்ட்’ இதற்குப் பேர்போனது. அதில் ஆடுவோன் பாதையிலுள்ள கட்டங்களைத் தொட்டே ஆயுதம் பெறல் வேண்டும். யந்திர வண்டிகளோ எதனையும் தொடாமலே தமக்குரிய ஆயுதங்களை வீசிக்கொண்டு செல்லும்.

இதனை ஆதரிப்போர் கூறும் நியாயமும் கேட்கத்தக்கதே. புதிதாய்ப் பழகுவோன் முதற் சுற்றிலேயே பின்தங்கி, எதிரியைக் கண்ணாலும் காணாமல் தனியே ஓடினால் சலிப்படைவான். தேர்ந்தவன் எளிதில் முந்தி அவ்வாறே சலிப்படைவான். ஆதலின் இருவருக்கும் ஆட்டம் சுவைபட வேண்டுமென்றே இவ்வேற்பாடு செய்யப்பட்டது என்பர். தந்தை தன் சிறு மகனோடு ஓடும்போது வேண்டுமென்றே பின்தங்குவதில்லையா என்றும் வினவுவர்.

தந்தையின் செய்கை அன்பின்பாற்பட்டது, மறுப்பாரில்லை. ஆயினும் அத்தந்தை மகன் முந்தியவுடன் சிறகு முளைத்தாற்போல் பறந்துவந்து அவனைத் தோற்கடிப்பதில்லை. ரப்பர் நாடாவோ இரண்டையும் செய்கின்றது. மேலும், முதல் இரண்டு சுற்றுக்களில் நாம் பட்ட பாட்டுக்கு இங்கே மதிப்பில்லை. எவ்வளவு திறமையாக ஓடினும் கடைசி வளைவில் எதிரி நம் அருகேயே இருப்பான். உழைப்பும் சோம்பலும் ஒரே பயனைத் தருமாயின், உழைப்பதற்குக் காரணம் யாது? ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோலைத் தரம் பிரிப்போர், கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்துத் தரத்தை மாற்றினால் அவ்வியாபாரம் எத்தனை நாள் நிலைக்கும்?

எளியோர்க்கு இரங்குதல் வேண்டாம் என்பது என் கருத்தன்று. எளிது, நடுத்தரம், கடினம் எனப் படிகளை வெளிப்படையாக வகுத்து, ஆடுவோனே தனக்குரிய படியைத் தெரிந்துகொள்ளுமாறு செய்யலாம். ஆனால் பந்தயம் தொடங்கியபின் விதி மாறுதல் கூடாது. ஆசிரியர் தொடக்க மாணாக்கனுக்கு எளிய கணக்கைக் கொடுப்பது முறை. தவறான விடைக்கு அவனறியாமல் மதிப்பெண் இடுவது முறையன்று.

நேர்மையான எதிரி இயலாததுமன்று. மேற்கூறிய அதே விளையாட்டிலேயே, ஆடுவோன் தன் முந்திய ஓட்டத்தை நிழல் வண்டியாகக் கண்டு அதனோடு போட்டியிடும் பகுதியும் உண்டு. அந்நிழல் அவனுக்காக விரைவதுமில்லை, தளர்வதுமில்லை. நம் எருது விழாவின் கடிகாரத்தை ஒத்தது அது. இனி, சோனி கம்பெனியைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டிற்கென ‘சோஃபி’ என்னும் செயற்கை அறிவைப் படைத்து, 2022 பிப்ரவரியில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதனை விவரித்தனர். அது கோடு பிடித்து ஓடுவதன்று. பலமுறை ஓடி ஓடித் தானே பழகியது. 2021 ஜூலையில் நடந்த குழுப் பந்தயத்தில் தேர்ந்த மனிதரிடம் தோற்றது. மேலும் பழகி, அவ்வாண்டு அக்டோபரில் வென்றது. வேகம் மட்டும் கற்பித்தால் போதாதென்று கண்டு, பிறர்மேல் மோதினாலும் பாதை விட்டு விலகிக் குறுக்குவழி சென்றாலும் தண்டனைப் புள்ளி விதித்தே அதனைப் பழக்கினர். யந்திரத்திற்கும் ஒழுக்கம் தனியே கற்பிக்கப்பட வேண்டியதாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

அப்போஸ்தலனாகிய பவுல் விசுவாச வாழ்வை ஓட்டத்திற்கு ஒப்பிட்டதையும், முறைப்படி போட்டியிடுவோர்க்கே முடி உரியது என்று தீமோத்தேயுவுக்கு அறிவுறுத்தியதையும் நம் கல்லூரி மாணவர் அறிவர். மாணவ நண்பர்காள்! உங்களுள் சிலர் நாளை இவ்விளையாட்டுக்களை இயற்றும் தொழிலிலும் புகுவீர்கள். அப்போது, தோற்பவனுக்கு எதனால் தோற்றேன் என்பதும், வெல்பவனுக்கு எதனால் வென்றேன் என்பதும் விளங்குமாறு எதிரியைப் படையுங்கள். விளையாடுவோராகிய ஏனையோர், தம்மை வெல்லவிடும் எதிரியை விடுத்து, தம் குறையைக் காட்டும் எதிரியையே நாடுவாராக.