‘ரிப்பேர்’ பொத்தானை அழுத்தும் முன்

2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சாங்கி விமான நிலையத்தில் அன்று பிற்பகல் சில விமான நிறுவனங்களின் பயணப் பதிவு முகப்புகளில் ஊழியர்கள் கணினியை நம்பாமல் கையாலேயே வேலை பார்க்க வேண்டியதாயிற்று. உலகின் பல நாடுகளில் விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் என்று எங்கும் கணினிகள் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன. கிருமி எதுவும் தாக்கவில்லை. ஊடுருவலும் நடக்கவில்லை. கணினிகளைப் பாதுகாக்க வைத்திருந்த மென்பொருள் தானாகப் பெற்றுக்கொண்ட ஒரு சிறிய புதுப்பிப்பில் பிழை இருந்தது. அவ்வளவுதான்.

அந்த மென்பொருள், கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்துடையது. அதைப் பெரிய நிறுவனங்கள்தான் வாங்குகின்றன; நம் வீட்டுக் கணினிகளில் அது இருக்காது. ஆனாலும் தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கு அந்த நாளில் பதில் இருக்கிறது. “அண்ணே, கணினியைத் தானாகவே சரிசெய்யும் என்று ஒரு மென்பொருள் சொல்கிறது. அழுத்தலாமா?” என்று திரையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். பதில் சொல்லுமுன், அன்று என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

மருந்து தயார், ஆனால் வாய் திறக்கவில்லை

பிழையான புதுப்பிப்பு சிங்கப்பூர் நேரப்படி பகல் 12.09க்கு வெளியானது. 78 நிமிடங்களில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறக்குறைய 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

திருத்திய கோப்பு இணையத்தில் தயாராக இருந்தது. ஆனால் கணினி முழுதாகத் தொடங்கினால்தானே இணையத்துக்குப் போய் அதை எடுத்து வரும்? தொடங்கும்போதே விழுந்த கணினிகள் மறுபடியும் மறுபடியும் விழுந்தன. பல கணினிகளில் விண்டோஸின் பழுதுபார்ப்புத் திரை தோன்றியது. ஆனால் வேறொரு நிறுவனத்தின் கோப்புதான் வில்லங்கம் என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் ஓர் ஆள் கணினியின் முன்னால் உட்கார்ந்து, ‘சேஃப் மோட்’ முறையில் அதைத் திறந்து, குறிப்பிட்ட கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வன்தட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளில் அதற்கும் முன்னதாக 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

தானியங்கிப் பழுதுபார்ப்புக்கு, தான் அறிந்த கோளாறைத்தான் சரிசெய்யத் தெரியும். அத்துடன், கணினியின் அடித்தளம் வரை போக அனுமதி பெற்ற மென்பொருள் தவறு செய்தால் சேதமும் அடித்தளம் வரை போகும். வீட்டிலும் இவை இரண்டும் உண்மை.

கூடவே வந்த கருவிகள்

விண்டோஸோடு வரும் பழுதுபார்ப்புக் கருவிகளைப் பொதுவாக நம்பலாம் என்பது என் கருத்து. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய, தெளிவான வேலைதான் இருக்கிறது. கணினி அடுத்தடுத்துத் தொடங்கத் தவறினால் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ வந்து தொடக்கக் கோப்புகளைப் பார்க்கும். ‘சிஸ்டம் ஃபைல் செக்கர்’ விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால் நல்ல பிரதியை எடுத்து மாற்றும். ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ இயங்குதளத்தின் அமைப்புகளைச் சில நாள்களுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். இடையில் நிறுவிய மென்பொருள்கள் போய்விடலாம், உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது தொடாது. இவற்றுக்குப் பணம் கேட்க மாட்டார்கள். கோளாறு இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும்.

ஜூலை 19 சம்பவத்துக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் இன்னொன்றையும் சேர்த்தது. 2024 நவம்பரில் அறிவித்து, 2025இல் விண்டோஸ் 11க்குக் கொண்டுவந்த ‘குயிக் மெஷின் ரெக்கவரி’. கணினி தொடங்க முடியாமல் திரும்பத் திரும்ப விழுந்தால், பழுதுபார்ப்புத் திரையிலிருந்தே இணையத்தோடு இணைந்து, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தீர்வு இருந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளும். அன்று இல்லாமல் போன வழி இதுதான். விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பில் இது தானாகவே இயக்கத்தில் இருக்கும். ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’ என்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பலரைத் தாக்கும் பொதுவான கோளாறுக்குத்தான் இது மருந்து. உங்கள் கணினிக்கு மட்டும் வந்த கோளாறுக்கு அங்கே தீர்வு காத்திருக்காது.

கூடவே வந்த கருவிகளில் ஒன்றிடம் மட்டும் கவனம் தேவை. ‘செக் டிஸ்க்’ வன்தட்டின் அடுக்குமுறையைச் சீராக்கும். ஆனால் வன்தட்டே சாகும் நிலையில் இருந்தால், சீராக்குகிறேன் என்று அது செய்யும் வேலை மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடலாம். பழைய வகை வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் எந்தக் கருவியையும் ஓட்டாதீர்கள். கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

நோயைக் கண்டுபிடித்தே தீரும் மருத்துவர்

இணையத்தில் விளம்பரமாக வந்து “உங்கள் கணினியில் நூற்றுக்கணக்கான பிழைகள்” என்று சிவப்பெழுத்தில் காட்டும் மென்பொருள் வேறு சாதி. இலவசமாகச் சோதிப்பார்கள், சரிசெய்யப் பணம் கேட்பார்கள். சோதனைதான் அவர்களுக்கு விளம்பரம். அது “ஒன்றுமில்லை” என்று சொன்னால் வியாபாரம் எப்படி நடக்கும்?

இது என் சந்தேகம் மட்டுமன்று. ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு பழுதுபார்ப்பு மென்பொருள்களை விற்ற நிறுவனங்கள், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் வழக்கைத் தீர்க்க 2024 மார்ச்சில் 26 மில்லியன் அமெரிக்க டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. கணினியின் உண்மையான நிலை எப்படி இருந்தாலும் அந்தச் சோதனை கோளாறுகளைக் காட்டியது என்பதும், மென்பொருளை வாங்கியவர்களைத் தொலைபேசியில் பேசவைத்து மேலும் சேவைகளை விற்றார்கள் என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2025இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது.

அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர் வந்த வழக்கு இன்னும் வேடிக்கை. ஆஃபிஸ் டிப்போ என்ற பெரிய அமெரிக்கக் கடைத்தொடர் ‘பிசி ஹெல்த் செக்’ என்று இலவசப் பரிசோதனை நடத்தியது. கணினி மெதுவாக ஓடுகிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பதுபோல் முதலில் நான்கு கேள்விகள் இருந்தன. ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறியிட்டாலே தீங்குநிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்தது. இடையில் நடந்த சோதனைக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை என்றது ஆணையம். 2019இல் அந்தக் கடையும் மென்பொருளைத் தந்த நிறுவனமும் சேர்ந்து 35 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. பெயர் பெற்ற கடை என்பதால் மட்டும் சோதனை நேர்மையானது என்று நினைத்துவிட முடியாது.

நல்ல பெயருள்ள கருவியும் ஆபத்தாகலாம். 2017இல் கணினியைச் சுத்தப்படுத்தும் ‘சிகிளீனர்’ மென்பொருளின் 5.33 பதிப்பில் ஊடுருவிகள் தங்கள் நிரலைக் கலந்துவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அதைப் பதிவிறக்கியவர்கள் சுமார் 2.27 மில்லியன் பேர். விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’யைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளையோ, மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதே இல்லை. இல்லாத குப்பையை அள்ளப் போய் இருக்கும் பொருளை உடைப்பதுபோல் ஆகிவிடலாம்.

இந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் அசல் மோசடிக்காரர். திரை முழுவதும் எச்சரிக்கை, கீழே அழைக்கச் சொல்லி ஒரு தொலைபேசி எண். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது. அந்த எண்ணை அழைத்தால், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். பிறகு கண்முன்னே வங்கிக் கணக்கு காலியாகும். இங்கே சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த எண்ணைக் கணினியின் ஓரத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கணினி பிழைக்கும், படங்கள்?

நேர்மையான கருவியிடமும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அது எதைக் காப்பாற்றப் பார்க்கிறது? இயங்குதளத்தைத்தான். உங்கள் அப்பாவின் குரல் பதிவு அதற்கு வெறும் கோப்பு.

தேக்காவில் சிறு கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் மடிக்கணினி சென்ற ஆண்டு இப்படித்தான் பழுதுபார்ப்புத் திரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைக் கணக்கும் மகளின் சிறுவயதுப் படங்களும் அதில் இருந்தன. வேறு பிரதி கிடையாது. ‘ரீசெட்’ வரை போய்விட்டார். “என் கோப்புகளை வைத்திரு”, “எல்லாவற்றையும் நீக்கு” என்று திரை இரண்டு வழிகளைக் காட்டியபோது என்னை அழைத்தார். “முதல் வழி நல்லதுதானே அண்ணே?” என்றார்.

அந்தக் கணினி இருந்த நிலையில் எந்த வழியையும் தொட வேண்டாம் என்றேன். கோப்புகளை வைத்திருப்பதாகச் சொல்லும் வழியும் பாதியில் தடைபட்டால் என்ன மிஞ்சும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடைக்குப் போனோம். வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தியதும், மீட்பு எண் கேட்டது. கணினியை வாங்கிய நாளில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் தொடங்கியது மகள். அவர் அப்போது வகுப்பில் இருந்தார். மாலை வரை காத்திருந்து, அவர் தன் கணக்கில் நுழைந்து எண்ணைப் படித்துச் சொன்ன பிறகுதான் கோப்புகளைப் பிரதி எடுக்க முடிந்தது. அதன்பிறகு ‘ரீசெட்’ செய்தோம். அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடியது, யாரும் பதறவில்லை. எது அழிந்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு அதற்குள் வந்துவிட்டோம்.

தானியங்கிக் கருவியை நம்பலாமா என்ற கேள்விக்கு என் பதில் அந்த நிலைதான். கோப்புகளின் பிரதி வேறோர் இடத்தில் இருந்தால், கணினியோடு வந்த கருவியைத் தாராளமாக ஓடவிடுங்கள். தோற்றால் நேரம்தான் போகும். பிரதி இல்லையென்றால், எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். முதலில் பிரதி, பிறகு பழுது. கடைக்குக் கொடுத்தாலும் இதே வரிசைதான்: “என் கோப்புகளை எடுத்துக் கொடுத்த பிறகு கைவையுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்த வாரயிறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் மூன்று வேலைகளை முடித்துவிடலாம். ஒரு வெளிப்புற வன்தட்டில் படங்களையும் ஆவணங்களையும் பிரதி எடுத்து, வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் கணினியோடு செருகியே இருந்தால், கணினிக்கு வரும் தீங்கு அதற்கும் வரும். அடுத்து, கணினி யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதில் மீட்பு எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, “வேகப்படுத்தும்”, “சுத்தப்படுத்தும்” என்று எப்போதோ நிறுவிய கருவிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

வீட்டில் இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் இருப்பவற்றுக்குத்தான் முதல் பிரதி எடுக்க வேண்டும்.