மீன் தொட்டியும் உதிரி மாத்திரையும்

நமது கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. வாஸ்து என்று வைத்தவர்களும் உண்டு. குழந்தையோடு வரும் வாடிக்கையாளர் சற்று நின்று போவார் என்று வைத்தவர்களும் உண்டு. நம்மில் சிலர் மீன் தீவனப் பொட்டலத்தையும் விற்கிறோம். அதில் குறையில்லை. ஆனால் "மீன் சோர்ந்து கிடக்கிறது, ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பவருக்கு டெட்ராசைக்ளின் கேப்சூலை உதிரியாக எடுத்துக் கொடுப்பது வியாபாரம் ஆகாது.

முதலில் சட்டம். 1940-ம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, இது டாக்டர் சீட்டின் பேரில் லைசென்ஸ் உள்ள மருந்துக் கடை மட்டுமே விற்கக்கூடிய சரக்கு. மீனுக்குத்தான் கொடுத்தோம் என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது.

சட்டம் கிடக்கட்டும், அந்தக் கேப்சூலால் மீன் பிழைக்கிறதா? பெரும்பாலும் இல்லை. தொட்டியில் மீன் சோர்வதற்கு முதல் காரணம் தண்ணீர். மிஞ்சிய தீவனமும் கழிவும் அழுகி அமோனியா ஏறுகிறது. அதைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியா பில்டரில் வளர்ந்திருக்கும். மருந்தைக் கொட்டினால் அதுவும் சாகும். தண்ணீர் மேலும் கெடும். உப்பைத் தூவினாற்போல் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தால் அது ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. நமது போர் தண்ணீர் போன்ற கடின நீரில் டெட்ராசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்துகொண்டு பாதி வேலைகூடச் செய்யாது.

ஆகவே கேட்டு வருபவரிடம் தண்ணீர் எப்போது மாற்றினீர்கள் என்று விசாரியுங்கள். மூன்றில் ஒரு பங்கை மாற்றச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்ற வேண்டும். பிறகு நம் கடைச் சரக்கான கல் உப்பு, லிட்டருக்கு 1 கிராம், கரைத்துச் சிறிது சிறிதாக. கெளுத்தி இனங்களும் தொட்டிச் செடியும் உப்பை அதிகம் தாங்கமாட்டா.

துடுப்பு அழுகல், உடம்பில் புண் என்று பாக்டீரியா நோயாகவே இருந்தால் கால்நடை மருத்துவரைப் பார்க்கட்டும். அவர் மருந்து எழுதினால் நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே கொடுக்க வேண்டும். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும். அது மருந்தை உறிஞ்சிவிடும். அளவில் கண்மதிப்பு கூடாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர். மேலே விட்ட இடமும் கூழாங்கல்லும் போக 45 லிட்டர்தான் இருக்கும். தராசு பிடிக்கும் நமக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. மீன் நீந்தத் தொடங்கிவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்துவதும் தவறு. அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காது. அந்தத் தண்ணீர் போவதும் நம் தெருச் சாக்கடைக்குத்தான்.

கடைப் பையன் தொட்டி கழுவினால் கையில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையுறை போடட்டும். மீன் தொட்டியில் வளரும் ஒருவகைக் கிருமி எளிதில் ஆறாத கட்டியையும் புண்ணையும் உண்டாக்கும். அப்படி வந்தால், கடையில் மீன் தொட்டி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.